அசூல் (அகதித் தஞ்சம்) அடிச்ச தம்பி எங்களோட இருக்கிறார், வேலைக்கு விடலாமோ?

மட்டுவில்_மகள்:
வணக்கம். சித்தப்பான்ர மகன் அசூல் அடிச்சுப்போட்டு எங்களோட இருக்கிறார். வந்து ஏழு மாசம், ஒரு முடிவும் இல்லை. என்ர மனுசனுக்கு வேலை மணித்தியாலத்தைக் குறைச்சுப்போட்டாங்கள். ரெண்டு பிள்ளையள். தெரிஞ்ச கடைக்காரர் தம்பியைத் திங்கக்கிழமை வரச்சொல்லுறார், கையில காசு தருவாராம். பெர்மிட் எப்ப வரும்? போகலாமோ கூடாதோ? வீட்டில ஒரே சண்டை, கெதியாச் சொல்லுங்கோ.

ஸ்காபரோ_அக்கா:
பயப்பிடாதேங்கோ தங்கச்சி. இங்க கனடாவில கேஸை விசாரணைக்கு ஏற்றுக்கொண்டு மெடிக்கலும் முடிஞ்சா வேர்க் பெர்மிட் வரும், காசும் கட்டத் தேவையில்லை. பிறகு வேலைக்கு வேணுமான சின் நம்பர், 9இல தொடங்கும். நான் வந்த முதல் குளிருக்கு ஒரு பேஸ்மென்ற்ல ஒன்பது பேர். நல்ல ஜாக்கெற் ஒண்டுதான். ஆருக்கு இரவு வேலையோ அவருக்கு அது. இப்ப வாறாக்கள் செருப்புக் கழட்ட முதல் வைஃபை பாஸ்வேர்ட் கேக்கினம்.

லாச்சப்பல்_காரன்:
இங்க பிரான்சில தானா எங்க வருது? ஒஃப்ராவில (அகதிக் கேஸ் பாக்கிற கந்தோர்) போட்டு ஆறு மாசமா முடிவு வராட்டித்தான் கேக்கலாம். அதுவும் முதலாளிதான் அனுமதிக்கு எழுதவேணும். எங்கட முதலாளிமார் எழுதினமாதிரித்தான். அதுவரைக்கும் தனி ஆளுக்கு உதவிக்காசு நாளுக்கு 6.80 ஒய்ரோ.

ஈஸ்ற்ஹாம்_மாமா:
லண்டனிலயும் ஆறு மாசம்தான். நான் 1999இல வந்து, ஆறு மாசம் முடிய ஹோம் ஒஃபிசுக்கு (உள்துறை அமைச்சு) கடிதம் போட்டன், பெர்மிட் வந்தது. அடுத்த கிழமை பெற்றோல் செற்றில இரவு வேலை. வராட்டி லோயர் சரியில்லை, மாத்துங்கோ.

குரொய்டன்_வாசி:
மாமா, அந்தச் சலுகையை 2002 யூலையோட நிப்பாட்டிப்போட்டாங்கள். அதை நம்பி லோயரை மாத்தவேண்டாம். தங்கச்சி, நீங்கள் எந்த நாடு?

வவுச்சர்_காலம்:
மாமாவுக்குப் பெர்மிட் கிடைச்சது. 2000இல வந்த எங்களுக்குச் சாமான் வாங்க வவுச்சர்தான். ஐஞ்சு பவுண்ஸ் வவுச்சருக்கு நாலு பவுண்சுக்குச் சாமான் எடுத்தா மிச்சம் தரமாட்டாங்கள். கவுண்டரில நிண்டு கூட்டிப் பாத்து, கடைசியில ஒரு சுவிங்கத்தை வைச்சுச் சரிக்கட்டுறது. பின்னால நிக்கிற வெள்ளை மனுசி விடுற பெருமூச்சு கழுத்தில படும்.

ஈஸ்ற்ஹாம்_மாமா:
அந்தக் கஷ்டம் இப்பத்தப் பெடியளுக்கு விளங்காது. நாள் முழுக்கப் போன்.

வவுச்சர்_காலம்:
போன் இல்லாட்டி லோயர் எங்க மாமா எடுக்கிறது, உங்கட லேண்ட்லைனுக்கோ?

வல்வைப்_பெடியன்:
களவாப் போகட்டும் அக்கா. லண்டனில ஆர் பிடிக்கிறது? பாதிப்பேர் அப்பிடித்தான் வந்தவை.

மட்டுவில்_மகள்:
நாங்கள் ஹரோவில இருக்கிறம். தம்பி விசிட் விசாவில வந்தவர். அசூல் அடிச்சது நாலு மாசத்துக்கு முதல்தான். அப்ப கூட்டாளி வீட்டு அட்ரஸ் குடுத்தவர், பிறகுதான் எங்களிட்ட வந்தவர். ஏ.ஆர்.சி. கார்ட் (அசூல் பதிவு அட்டை) இருக்கு.

குரொய்டன்_வாசி:
கதை மாறுது. அவங்கள் எண்ணுறது அசூல் அடிச்ச நாளில இருந்து. 12 மாசமா முடிவு வராமல், அந்தத் தாமதம் தம்பியாலயும் இல்லையெண்டாத்தான் வேலை அனுமதி கேக்கலாம். கேட்டாத்தான் தருவாங்கள். தந்தாலும் ஹோம் ஒஃபிஸ் பட்டியலில உள்ள வேலை மட்டும்தான், கடைக் கவுண்டர் அதுக்குள்ள இல்லை. கார்ட்டை ஒருக்காப் பாருங்கோ, வேலை தடை எண்டு அதிலயே அடிச்சிருக்கும்.

வல்வைப் பெடியன்ர கதையை விடுங்கோ. பிடிபட்டா கடைக்காரருக்கு முதல்தரமே ஆளுக்கு 45,000 பவுண்ஸ் வரை தண்டம், தம்பிக்கு அது குற்றம். வேற ஆக்களின்ர அக்கவுண்டில சாப்பாட்டு டெலிவரி ஓடுறதும் இதேதான்.

முதல் செய்யவேண்டியது அட்ரஸ் மாத்திறது. இண்டர்வியூக் கடிதம் கூட்டாளி வீட்டுக்குப் போய், தம்பி போகாட்டி, கேஸை அவரே வாபஸ் வாங்கினதா எடுத்துப்போடுவாங்கள். ஹோம் ஒஃபிசுக்கும் லோயருக்கும் எழுத்தில குடுத்து, கொப்பி வைச்சிருங்கோ.

பிறகு மைக்ரன்ட் ஹெல்ப் எண்ட தொண்டு நிறுவனத்துக்குப் போன் எடுங்கோ. இலவசம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணுமெண்டு சொல்லுங்கோ. 95ஆம் பிரிவு உதவி (காசில்லாத அசூல்காரருக்குக் குடுக்கிறது) எண்டு கேளுங்கோ. வீடு கேட்டா எந்த ஊருக்கும் அனுப்புவாங்கள், ஆனா உங்களோட இருந்துகொண்டு செலவுக் காசு மட்டும் கேக்கலாம். கிழமைக்கு 49.18 பவுண்ஸ், அஸ்பென் கார்ட் எண்டு அவங்கள் தாற காசுக் கார்ட்டில வரும். அதுக்கு உங்கட கடிதம் வேணும். இதிலதான் எங்கட சனம் பிழைவிடுறது: மானத்துக்கு "நாங்கள் எல்லாம் பாப்பம்" எண்டு எழுதிப்போடும், அதையே காட்டி இல்லையெண்டுவாங்கள். படுக்க இடம் தரலாம், சாப்பாட்டுக்கும் பஸ்சுக்கும் ஏலாது எண்டு உள்ளதை எழுதி, மனுசன்ர சம்பளத் துண்டையும் வையுங்கோ.

ஈஸ்ற்ஹாம்_மாமா:
அறை வாடகை எண்டு கொஞ்சம் எழுதிக்காட்டினாக் கூடத் தருவாங்களோ?

குரொய்டன்_வாசி:
ஐயோ மாமா, அது அவவுக்குத்தான் வினை. வீடு வாடகைக்கு எடுக்க உரிமை இல்லாத ஆளை வாடகைக்கு வைச்சா 5,000 பவுண்ஸ் வரை தண்டம். வாடகை இல்லாமல் சொந்தக்காரரா இருக்கட்டும்.

மட்டுவில்_மகள்:
கடைக்காரருக்கு மாட்டம் எண்டு சொல்லிப்போட்டன், முகம் சரியில்லை. தம்பி ஒரே அறைக்குள்ள, சாப்பிடவும் கூப்பிடவேணும். அதுக்கு என்ன செய்ய? மருந்துக்கும் காசு வேணும்.

குரொய்டன்_வாசி:
ஜி.பி.யில (குடும்ப டொக்டர்) பதியுங்கோ, காசில்லை. மருந்துக்கு எச்.சி.1 ஃபோமை நிரப்பினா எச்.சி.2 சான்றிதழ் வரும், அதைக் காட்டினா மருந்துக்கும் காசில்லை. ஆறு மாசம் முடிய கொலிச்சில இலவச ஈசோல் இங்கிலிஷ் வகுப்புக் கேக்கலாம். இப்பவே ஒரு தொண்டு நிறுவனத்தில தொண்டு செய்யலாம், அதுக்குத் தடையில்லை. ஆனா தெரிஞ்சவற்ற கடையில "சும்மா உதவிக்கு" நிக்கிறது தொண்டு இல்லை.

புதுசு_2:
இடையில கேக்கிறன், குறைவிளங்காதேங்கோ. எங்களுக்கு 95 கிடைச்சிட்டு. மகனுக்கு ஸ்கூல் சாப்பாட்டுக் காசு கேக்கினம், குடுக்கத்தான் வேணுமோ?

குரொய்டன்_வாசி:
லண்டன் அரச பிறைமரியில எல்லாருக்கும் இலவசம். செக்கண்டரி எண்டா 95 கடிதத்தை ஸ்கூல் ஒஃபிசில குடுத்து இலவசச் சாப்பாட்டுக்குப் பதியுங்கோ.