நெயில் பார்லர்ல டிப்ஸ் யாருக்கு, எவ்வளவு? (கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம்)

குடமுருட்டி
தை முகூர்த்தத்துக்குக் கும்பகோணத்துல நெயில் எக்ஸ்டென்ஷன் (செயற்கை நகம் ஒட்டி நீளமாக்கறது) பேசியிருக்கு. மூணு பேருக்குக் கடையில, கல்யாணப் பொண்ணுக்கு மட்டும் ஓனர் அக்காவே வீட்டுக்கு வந்து போடறதா ஏற்பாடு. கடையில ஒரு பொண்ணு நகம் ஒட்டும், இன்னொரு பொண்ணு ஆர்ட் வரையும், பணம் கவுன்டர்ல. டிப்ஸை யார் கையில கொடுக்கறது? ஜிபேயில பில்லோட சேர்த்து அனுப்பினா அவங்களுக்குப் போய்ச் சேருமா? ஓனருக்கே நீட்டினா தப்பா எடுத்துப்பாங்களா? அமெரிக்காவுல இருக்கற சொந்தக்காரங்க 20 சதவீதம்னு சொல்றாங்க, மலைப்பா இருக்கு.

நகக்கண்
20 சதவீதத்தை மறந்துடுங்க. டிப்ஸ் வாங்கற தொழிலாளிக்கு மணிக்கு 2.13 டாலர் வரைக்கும் கூலியை இறக்கிக்க அமெரிக்க மத்தியச் சட்டம் இடம் கொடுக்குது. சில மாநிலங்கள் அதை ஒத்துக்கறதில்லைங்கறது வேற விஷயம். மிச்சக் கூலி பெரும்பாலும் வாடிக்கையாளர் கொடுக்கற டிப்ஸ்லதான் நிரம்புது, அதனால 15, 20 சதவீதம் அங்க வழக்கமாயிடுச்சு. இங்க பார்லர் பொண்ணுங்களுக்கு மாசச் சம்பளம், பல கடைகள்ல அதுக்கு மேல இன்சென்டிவ்.

பில்லைப் பார்க்காம நேரத்தைப் பாருங்க. ஜெல் பாலிஷ் மட்டும்னா முக்கால் மணி நேர வேலை, 30லேருந்து 50 ரூபாய் போதும். பத்து விரலுக்கும் எக்ஸ்டென்ஷன்னா ரெண்டு மணி நேரம் குனிஞ்ச தலை நிமிராத வேலை, 100 கொடுக்கலாம். கல் பதிக்கறது, கையால வரையறதுன்னு இழுத்தா 150, 200. பெடிக்யூர்ல காலைத் தேய்ச்சுக் கழுவற பொண்ணுக்கு 50க்குக் குறையாதீங்க, எல்லாரும் மறந்துட்டுப் போறது அந்தப் பொண்ணைத்தான்.

ரெண்டு பேர் செஞ்சா ரெண்டு கைக்கும் தனித்தனியா. என்னைக் கேட்டா ஒட்டின பொண்ணுக்குத்தான் கூட. நகம் ரெண்டு மூணு வாரம் நிக்கறதும் நாலாம் நாளே எழும்பறதும் அந்தக் கையிலதான் இருக்கு. க்யூட்டிகிளை, அதாவது நகத்தடித் தோலை, தள்ளிச் சுத்தம் பண்ணி, நகத்தோட பளபளப்பு போகத் தேய்ச்சு, தூசி துடைச்சு, ஈரத்தை எடுக்கற டீஹைட்ரேட்டரும் பிடிப்புக்கு ப்ரைமரும் போட்டு, ஜெல் தோல்ல வழியாம நிறுத்தி, ஜெல்லை இறுக வைக்கற விளக்குல முழு நேரம் காட்டணும். ஒரு படியைத் தாண்டினாலும் ஓரத்துல காத்துப் புகும், அந்த இடுக்குல தண்ணி நிக்கும், நகம் எழும்பும். ஃபோட்டோவுல பேர் வாங்கறது என்னமோ ஆர்ட்தான்.

பணமாவே கொடுங்க. கவுன்டர்ல ஒட்டியிருக்கற க்யூஆர் ஓனர் கணக்கு. 1,800க்கு 1,900 அனுப்பினா அந்த நூறு கடை வரவுல கலந்துடும், யாருக்குன்னு பிறகு பிரிக்க முடியாது. நோட்டை நகம் ஒட்டறதுக்கு முன்னாடியே எடுத்துத் தனியா வச்சுக்கங்க. நீள நகத்தோட பர்ஸ் ஜிப்பைத் திறந்து நோட்டு எடுக்கறது பெரும் பாடு. சாதா பாலிஷ்னா திறக்கறதுக்குள்ள கலைஞ்சே போயிடும்.

ஒண்ணு, கடைக்குள்ள “டிப்ஸ் எவ்வளவு?”ன்னு கேட்டுடாதீங்க. ஒட்டற பிளாஸ்டிக் நகத்துக்கும் அதே பேர்தான். பெட்டியைத் திறந்து எந்த ஷேப், எந்த சைஸ்னு காட்ட ஆரம்பிச்சிடுவாங்க.

பேரேடு
பில்லையும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க. 2025 செப்டம்பர் 22லேருந்து அழகு நிலையச் சேவைக்கு ஜிஎஸ்டி 18லேருந்து 5 சதவீதமா இறங்கிடுச்சு. இன்னும் 18னு போட்டிருந்தா திருத்தச் சொல்லுங்க. வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாத கடை ஜிஎஸ்டி பதிவு எடுக்கணும்னு கட்டாயம் இல்லை. பதிவு எடுக்காத கடை அந்த வரியை வசூலிக்கவே கூடாது, அதனால பில்லுல ஜிஎஸ்டி எண் இருக்கான்னு பாருங்க.

“சர்வீஸ் சார்ஜ்”னு தனியா ஒரு தொகை போட்டிருந்தா அது எதுக்குன்னு கேளுங்க. சர்வீஸ் சார்ஜைக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு 2022 ஜூலை 4ல வந்த வழிகாட்டுதல் ஹோட்டல், உணவகத்துக்கானது, பார்லர்ல அதைக் காட்டி வாதாட முடியாது. ஆனா முன்னாடி சொல்லாத தொகையை நீக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தா நுகர்வோர் உதவி எண் 1915. அதைக் கட்டித்தான் ஆகணும்னு ஆயிட்டா, மேல டிப்ஸ் கொடுக்க வேண்டியதில்லை.

வெத்தலைக்கொடி
வீட்டுக்கு வர்ற ஓனர் அக்கா கதையே வேற. விலை வச்சவங்களே அவங்கதான், கூலியும் லாபமும் அதுக்குள்ளயே இருக்கு. வெறும் நோட்டை நீட்டினா அவங்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். ஒரு தாம்பாளத்துல வெத்தலை, பாக்கு, பூ, பழம், ரவிக்கைத் துணி, கூட 101 இல்ல 201 வச்சுக் கொடுங்க, சந்தோஷமா வாங்கிப்பாங்க. உதவிக்கு ஒரு பொண்ணு வந்தா அதுக்கும் தனியா வெத்தலை பாக்கும் 100 ரூபாயும். அக்கா தட்டுலயே அதையும் வச்சுட்டா அந்தப் பொண்ணு கைக்கு வராமலும் போகலாம்.

வண்டிச் செலவை டிப்ஸ் கணக்குல சேர்க்காதீங்க. அட்வான்ஸ் கொடுக்கறப்பவே கிலோமீட்டர் சொல்லிப் பேசிடுங்க. சாப்பாட்டு வேளையா இருந்தா பந்தியில உட்கார வச்சு அனுப்புங்க.

நலங்கு முடிஞ்ச பிறகு நேரம் கொடுங்க. ஃப்ரெஞ்ச் (நுனி மட்டும் வெள்ளை), வெளிர் ரோஸ் மாதிரி நிறத்துல மஞ்சள் பட்டா கறை பிடிச்சுக்கும், டாப் கோட்டை, அதாவது மேல் பூச்சை, தேய்ச்சு மறுபடி போட வேண்டி வரும். மருதாணி சிவக்கறதுக்குத் தடவுற நீலகிரித் தைலம் நகத்துல இருந்தாலும் ஜெல் பிடிக்காது, சோப்புப் போட்டுக் கழுவிட்டு உட்காரச் சொல்லுங்க. விளக்கு கரன்ட்ல ஓடறது, இன்வெர்ட்டர் பிளக் பக்கத்துல மேசை போடுங்க.

குடமுருட்டி
ரொம்ப நன்றி அக்கா. கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு நகம் எழும்பிட்டா, சரி பண்ணித் தர்றப்பவும் டிப்ஸ் கொடுக்கணுமா?

நகக்கண்
வேண்டாம். ஒரு வாரத்துக்குள்ள தானா எழும்பினா பல கடைகள்ல சும்மாவே சரி பண்ணித் தருவாங்க. எத்தனை நாள்னு பணம் கட்டறப்பவே கேட்டு வச்சுக்கங்க. நகத்தால டப்பா மூடியை நெம்பி உடைச்சா அது உங்க கணக்கு, ஒரு விரலுக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க. எழும்பினதைப் பிடுங்க மட்டும் பிடுங்காதீங்க, சொந்த நகத்தோட மேல்படலமும் உரிஞ்சு வந்துடும். வேலை சரியில்லைனு பட்டா டிப்ஸைக் குறைச்சுட்டுப் பேசாம வராதீங்க, எந்த விரல், எத்தனாம் நாள்னு ஓனர்கிட்டயே சொல்லுங்க.

நகத்தைக் கழட்டப் போறப்ப டிப்ஸ் கொடுங்க. சாதா ஜெல் பாலிஷ்னா அசிட்டோன் பஞ்சு வச்சு ஃபாயில் சுத்தி 15 நிமிஷத்துல இளகிடும். எக்ஸ்டென்ஷனுக்குப் போடற ஹார்ட் ஜெல் கரையாது, ஃபைல் போட்டே தேய்ச்சு எடுக்கணும், அந்தத் தூசியெல்லாம் அந்தப் பொண்ணு மூக்குலதான் போகும். அதுக்கு 50. சில்லறையாக் கொண்டு போங்க, முகூர்த்த வாரத்துல எந்தக் கடையிலயும் 500க்குச் சில்லறை இருக்காது.