ஒன்றேகால் கிலோ லேப்டாப்பும் எங்கள் வீடும்

சாட்ஸ்வொர்த்வாசி:

வீட்டு உபயோகத்துக்குச் சின்ன லேப்டாப் சரிப்படுமா என்று இங்கே இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

2023இல் வாங்கினேன். அந்த வருஷம் தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில் இருந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். லோட்ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு ஸ்டேஜ் 6 வரைக்கும் போனது. ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வீடு இருட்டு. வீட்டில் இருந்தது 15.6 அங்குலப் பழைய லேப்டாப், இரண்டேகால் கிலோ. ஒயரைப் பிடுங்கினால் இருபது நிமிஷத்தில் மூச்சு விட்டுவிடும். புதிதாக வாங்கியது 13.3 அங்குலம், ஒன்றேகால் கிலோ, பேட்டரி ஏழு மணி நேரம் தாங்கும். ரௌட்டருக்கு ஒரு குட்டி யுபிஎஸ் வாங்கி வைத்தேன், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் கத்திக்கொண்டிருக்க, நான் பாட்டுக்கு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அலுவலக வேலையை முடித்துக்கொண்டிருப்பேன்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. டைப்-சி வழியாக சார்ஜ் ஆகும் என்று போட்டிருந்ததை நம்பி, போனுக்கு வைத்திருந்த பவர்பேங்கைச் சொருகினேன். அசையவே இல்லை. லேப்டாப்புக்கு 20 வோல்ட்டில் 45 வாட்டாவது கொடுக்கிற பவர்பேங்க் வேண்டுமாம். அதையும் வாங்கினேன். 20,000 எம்ஏஎச் என்றால் கேட்கப் பெரிதாக இருக்கும், கணக்குப் போட்டால் 74 வாட்-அவர். மாற்றத்தில் போகிற நஷ்டம் போக, என் லேப்டாப்பை ஒரு தடவை நிரப்பும். இரண்டாவது தடவைக்கு வராது.

2024 மார்ச் கடைசியில் லோட்ஷெடிங் நின்றது, அப்புறம் பத்து மாதம் எட்டிப் பார்க்கவே இல்லை. கரண்ட் ஒழுங்காக வர வர லேப்டாப்பின் குறைகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன.

கோயில் கணக்கு என் தலையில்தான். தைப்பூசக் காவடி முடிந்ததும் நன்கொடை ரசீதுகள் ஒரு மூட்டை வரும். சின்ன லேப்டாப்பில் எண்களுக்கென்று தனிக் கட்டை கிடையாது, மேல் வரிசையில் தடவித் தடவி அடிக்க வேண்டும். 51 ராண்ட் ஒரு முறை 511 ஆகி, பொருளாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சரி என்று தனியாக ஒரு எண் கீபோர்டு வாங்கினேன். குனிந்தே பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டதால் ஒரு மானிட்டர் வந்தது. லேப்டாப்பில் சொருகுகிற துளைகள் இரண்டே என்பதால் மானிட்டரையும் கீபோர்டையும் சேர்த்துச் சொருக ஒரு ஹப் வந்தது. இப்போது மேசையில் இருப்பதையெல்லாம் சேர்த்து எடை போட்டால் பழைய லேப்டாப்பே தேவலை.

உண்மையில் வருத்தம் ரேம்தான், ஒரே நேரத்தில் பல வேலையைத் தாங்குகிற நினைவகம். 8 ஜிபி. போர்டோடு பற்றவைத்து வருகிறது, கூட்ட வழியில்லை. கடையில் 16 ஜிபி மாடல் பக்கத்திலேயே இருந்தது. கொஞ்சம் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று விட்டேன். மகன் வீடியோ வகுப்பில் இருக்கும்போது இன்னொரு ஜன்னலில் பத்துப் பக்கம் திறந்து வைத்தால் எல்லாம் ஆமை வேகம். பிப்ரவரி இங்கே கோடை, அந்தப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். மெல்லிய உடம்பு, சூடு வெளியே போக இடமில்லை, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மகன் அதைக் கொண்டுபோய் மெத்தைமேல் வைப்பான், காற்றுப் போகிற துளைகளும் அடைத்துக்கொள்ளும்.

இத்தனையும் சொல்லிவிட்டு அம்மாவைச் சொல்லாமல் விட்டால் பாவம். எழுபத்தெட்டு வயது, விரல் மூட்டெல்லாம் வலி. பழைய லேப்டாப்பை அவர் தொட்டதே இல்லை. இதை இரண்டு கையாலும் தாம்பாளம் ஏந்துவது போல ஏந்தி வராந்தாவுக்குக் கொண்டுபோய்விடுவார். இங்கே மாலை நாலரை என்றால் திருநெல்வேலியில் எட்டு மணி, சித்தி சாப்பிட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு மணி நேரம் பேச்சு. போனில் முகம் தெரியவில்லை என்பார்.

வெருலம் அக்கா:

தம்பி, என் தமிழ் கோயில் மாலை வகுப்பில் கற்றது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆயாவுக்காக, அதாவது என் பாட்டிக்காக, வாங்கியது 11.6 அங்குலம், இருந்ததிலேயே மலிவு. 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு. வாங்கும்போது 64 பெரிய எண்ணாகத் தெரிந்தது. விண்டோஸ் பாதியைத் தின்றது, அப்டேட் வந்தால் "இடம் இல்லை". நான் படங்களை அழிப்பேன், அது மறுபடியும் "இடம் இல்லை". கடைசியில் அழிக்க ஆயா படம் மட்டும்தான் மிச்சம். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றது, இதன் பிராசசர் 11க்கு ஏற்றதில்லை என்றார்கள். எடை ஒரு கிலோ, அதில் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. லேசான சாமான் லேசாகவே விழும்! ஆயாவின் இன்னொரு பேத்தி சார்ஜர் ஒயரில் கால் இடறினாள். கனமான லேப்டாப் என்றால் ஒயர் கழன்றிருக்கும். இது ஒயரோடு சேர்ந்து பறந்து வந்தது. திரை மாற்றக் கேட்ட காசு லேப்டாப் விலையில் பாதி.

ஜோபர்க் தம்பி:

விழுந்தால் திரை போகும் அக்கா, எனக்கு முழுசாகவே போனது. ஜன்னல் ஓரம் சோஃபாவில் வைத்திருந்தேன், குளித்துவிட்டு வருவதற்குள் காணோம். வீட்டுச் சாமான் இன்ஷூரன்ஸ் இருந்ததால் பிழைத்தேன். ஆனால் அப்போதுதான் பாலிசியைப் படித்தேன். வீட்டுக்கு வெளியே எடுத்துப்போய்த் தொலைத்தால் அதில் வராது, கையில் கொண்டுபோகிற சாமான் என்று தனியாகப் பதிந்திருக்க வேண்டும். சீரியல் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். பெரிய லேப்டாப்பும் திருடு போகும்தான், ஆனால் இது சட்டைக்குள்ளேயே போய்விடும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணன்:

எனக்கு இந்த மோகமே புரிவதில்லை. வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு எங்கே போகப்போகிறோம்? 2007இல் ஏழு அங்குலத்தில் ஈ பிசி என்று ஒன்று வந்தது, ஒரு கிலோவுக்கும் குறைவு. ஆசைப்பட்டு வாங்கினேன். ஒரு மின்னஞ்சலைப் படிக்க மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும், என் விரல் அகலத்துக்கு அந்தக் கட்டைகள் அரிசி மணி. அன்றோடு விட்டேன். இப்போது வைத்திருப்பது 15.6 அங்குலம், ஒன்பது வருஷம் ஆகிறது. அடிமூடியை நானே திருகு கழற்றித் திறந்து ரேம் கூட்டினேன், சேமிப்புக்கான எஸ்எஸ்டி மாற்றினேன், பேட்டரியும் இரண்டாவது. சின்னதில் ஒன்று போனால் மொத்தமும் போச்சு.

சாட்ஸ்வொர்த்வாசி:

அண்ணா, திருகு விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி, அடுத்தது வாங்கினால் ரேமை முதலில் பார்ப்பேன். எங்கே போகப்போகிறோம் என்று கேட்டீர்களே, இப்போது மணி நாலே முக்கால். லேப்டாப் வராந்தாவில் இருக்கிறது. இவ்வளவையும் போனில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.