நியூசிலாந்தில் 2050-க்குள் எலியே இருக்காதாமே, நடக்குமா?

கார்த்தி_நெல்லை:
எலி, போசம் (மரமேறும் பைவிலங்கு), ஸ்டோட் (கீரி மாதிரிச் சிறு வேட்டை விலங்கு) இவற்றை 2050-க்குள் நாடு முழுக்க இல்லாமல் செய்யப்போவதாக நியூசிலாந்து அரசு 2016-ல் அறிவித்ததைப் படித்தேன். எலியைப் போய் ஒரு நாடே ஒழிக்க முடியுமா? ஹெலிகாப்டரில் விஷம் தூவுகிறார்களாம், மற்ற உயிர்களுக்கு ஆபத்தில்லையா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

வெலிங்டன்வாசி:
தம்பி, இங்கே வௌவாலைத் தவிர நிலத்துப் பாலூட்டி எதுவும் இயற்கையாக இருந்ததில்லை, அதனால் கிவி மாதிரிப் பறவைகள் பயமில்லாமல் தரையிலேயே முட்டையிட்டு வாழ்ந்தன. ரோம வியாபாரத்துக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து போசத்தைக் கொண்டுவந்தார்கள். அப்புறம் முயல் பெருகிப்போக, அதை அடக்க 1880-களில் ஸ்டோட்டை இறக்கினார்கள். அது முயலோடு நிற்காமல் கிவிக் குஞ்சுகளையும் தின்ன ஆரம்பித்தது. பாதுகாப்பில்லாத காட்டில் 100 குஞ்சு பொரித்தால் 5 பிழைத்து வளர்வதே பெரிய விஷயம்.

முடியுமா என்றால், தீவுகளில் முடிந்திருக்கிறது. 11,000 ஹெக்டேருக்கும் பெரிய காம்ப்பெல் தீவில் 2001-ல் விஷ இரை தூவினார்கள், 2003-ல் தேடிப் பார்த்தபோது ஒரு எலிகூட இல்லை. ஊருக்குள்தான் கஷ்டம். ஆனாலும் எங்கள் விமான நிலையத்தை ஒட்டிய மிராமர் பகுதியில் வீட்டுத் தோட்டங்களில் மரப்பெட்டி வைத்து, உள்ளே பொறியில் பீனட் பட்டர் தடவி, தெருத் தெருவாக வேலை பார்த்து, 2023-ல் எலியும் ஸ்டோட்டும் இல்லாத பகுதியாக்கிவிட்டார்கள். மக்கள் தோட்டத்துக் கதவைத் திறந்துவிடாமல் இது நடந்தே இருக்காது.

தெற்குத்தீவு_மணி:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் விஷத்தைப் பற்றியும் பேச வேண்டும். ஹெலிகாப்டரில் தூவும் 1080 என்ற அந்த விஷத்தில் செத்த போசத்தை நாய் தின்றால் நாயும் போய்விடும், அதனால்தான் காட்டு வழிகளில் எச்சரிக்கைப் பலகை வைக்கிறார்கள். கியா என்ற மலைக்கிளிகளும் செத்திருக்கின்றன. எதிர்ப்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆள் ஏற முடியாத மலைக்காட்டில் பொறி வைக்கப் போவது யார்? தூவாமல் விட்டால் அந்தக் கிளியின் கூட்டையே ஸ்டோட் காலி செய்துவிடும். நான் தூவும் பக்கம்தான்.

ஆக்லாந்து_செல்வி:
இருப்பதை ஒழிப்பது பாதி வேலைதான், புதிதாக எதுவும் வராமல் தடுப்பது மீதி. அம்மா அப்பாவை இங்கே வரவழைப்பவர்கள் கவனியுங்கள்: பழம், விதை, கறிவேப்பிலை, மண் ஒட்டிய செருப்பு எதுவானாலும் வருகைப் படிவத்தில் ‘இருக்கிறது’ என்றே குறிக்கச் சொல்லுங்கள். சொன்னால் எடுத்துக்கொள்வதோடு விட்டுவிடுவார்கள், மறைத்தால் அங்கேயே 400 டாலர் அபராதம். வயதானவர்களுக்குப் படிவம் புரியாது, ஊரிலேயே ஒருமுறை உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.