கண்ணைக் கட்டிக் குடித்தால் சாராயம் எது, விஸ்கி எது?

குளக்கட்டு (முள்ளியவளை):
கனடாவிலிருந்து அத்தான் வந்து நிற்கிறார். வந்த இரவே வாய்ச்சண்டை. விஸ்கி பழகின வாய்க்குச் சாராயம் மண்ணெண்ணெய் மாதிரியாம். தென்னஞ்சாராயத்தை இப்படிச் சொன்னால் யார் பொறுப்பது? போன சனி இரவு முற்றத்து வேம்படியில் சோதனை வைத்தேன். நான்கு சில்வர் பேணி, அடியில் பிளாஸ்ரர் ஒட்டி இலக்கம். தென்னஞ்சாராயம், பனஞ்சாராயம், ரம், விஸ்கி, ஒவ்வொன்றிலும் 15 மில்லி. மகனின் பாணி மருந்து மூடியால் அளந்தேன். ஊற்றியது நான், அதனால் நான் குடிக்கவில்லை (மனைவி நம்பவில்லை).

அத்தானுக்கு இரண்டு சரி. தம்பிக்கு ஒன்று. நாற்பது வருடமாகக் குடிக்கும் சித்தப்பாவுக்கு ஒன்றுமே இல்லை. விஸ்கியைக் குடித்துவிட்டு "இதுதானடா பழைய தென்னை" என்றார். அத்தான் வென்றுவிட்டதாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். நாலுக்கு இரண்டு வெற்றியா? நான் எங்கே பிழைவிட்டேன்?

ஏ9 ஓரம் (கிளிநொச்சி):
வெற்றி இல்லை அண்ணை. நான்கு பேணிக்கு நான்கு பெயரை 24 விதமாக அடுக்கலாம். அதில் 6 விதத்தில் சரியாக இரண்டு பொருந்தும். ஒரு சொட்டும் குடிக்காமல் வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் நாலு பேரில் ஒருவருக்கு இரண்டு சரிவரும். ஒன்றும் சரிவராத வழி 9 இருக்கிறது, ஆகவே சித்தப்பாவைக் கேலி செய்யாதீர்கள். மூன்று மட்டும் சரி என்பது நடக்கவே நடக்காது, யோசித்துப் பாருங்கள்.

பெயர் கேட்பதை விடுங்கள். மூன்று பேணி வையுங்கள்: இரண்டில் ஒரே சாமான், ஒன்றில் வேறு. எது வேறு என்று மட்டும் கேளுங்கள். குருட்டாம்போக்கில் மூன்றுக்கு ஒரு தரம் சரிவரும். ஆறு தரம் செய்து ஐந்தாவது சரியென்றால் நம்பலாம். அது தற்செயலாக நடக்க 729இல் 13 பங்குதான் வாய்ப்பு. ஆறில் நாலு போதாது.

பனையடி (புதுக்குடியிருப்பு):
கணக்கு சரி, ஆனால் பேணியில் இருந்ததையும் பார்க்க வேண்டும். போத்தலில் மதுசாரம் எத்தனை வீதம் என்று போட்டிருக்கிறது? ஸ்கொட்ச் விஸ்கி 40 வீதத்துக்குக் குறையக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். நம் சாராயம் 33.5, 36 என்று வரும். காரம் கூடினதை விஸ்கி என்று சொன்னாலே அரைவாசி வெற்றி. எல்லாவற்றையும் 30க்கு இறக்குங்கள்: 60 மில்லிக்கு, 40 வீதமென்றால் 20 மில்லி தண்ணீர், 36 என்றால் 12, 33.5 என்றால் 7. தண்ணீர் விட்டால் மணமும் நன்றாக எழும்பும்.

நிறத்தை நம்பவே வேண்டாம், விஸ்கிக்கும் கரமல் சேர்க்கலாம். சில்வர் பேணி நிறத்தை மறைக்கும், ஆனால் வாய் அகலம் என்பதால் மணம் பறந்துவிடும். மேலே சோசரால் மூடிவையுங்கள்.

சித்தப்பா சொன்னதில் விஷயம் இருக்கிறது. நல்ல தென்னஞ்சாராயத்தை மரப்பீப்பாயில் வைத்துத்தான் முதிர வைப்பார்கள். சிங்களத்தில் ஹல்மில்ல என்கிற மரம், நம் வன்னிக் காட்டிலும் நிற்கிறது. ஸ்கொட்ச் விஸ்கியும் மரத்துக்குள் குறைந்தது மூன்று வருடம் கிடந்ததுதானே. மலிவுச் சாராயம் பலதிலும் கரும்புப் பாகுக் கழிவில் வடித்த மதுசாரம் கலந்திருக்கும், அது ரம்மின் உறவு. பனை வேறு சாதி. அப்பா சீவல் தொழில் செய்தவர். முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் புளிக்காத இனிப்புக் கருப்பணி, பூசாவிட்டால் பொழுது ஏறுவதற்குள் கள். அந்தப் புளித்த வாசம் வடித்த பிறகும் கொஞ்சம் நிற்கும் என்பது என் மூக்கின் தீர்ப்பு.

தேன்கூடு (நெடுங்கேணி):
இரண்டு கேள்வி. ஊற்றின நீங்கள் எதிரிலேயே இருந்தீர்களா? அப்படியென்றால் அத்தான் பேணியைப் பார்க்கவில்லை, உங்கள் முகத்தைப் பார்த்திருக்கிறார். ஊற்றுகிறவர் குசினிக்குப் போக வேண்டும், கொண்டுவந்து வைப்பவருக்கு எது எதுவென்று தெரியக் கூடாது. அடுத்தது, மேசையில் என்ன சாப்பாடு?

ஐந்தாவது பேணியில் களவாக வடிக்கும் கசிப்பு வைக்கலாமே என்று யாராவது தொடங்குவார்கள், வேண்டாம். அதில் மெதனோல் இருந்தால் வாயோ மூக்கோ கண்டுபிடிக்காது. கண்பார்வை போன பிறகுதான் தெரியும்.

குளக்கட்டு (முள்ளியவளை):
மேசையில் கணவாய்ப் பொரியல் இருந்தது, பச்சைமிளகாயோடு. ஒத்துக்கொள்கிறேன்.

நேற்றும் முந்தாநாளும் மூன்று பேணிச் சோதனை, இரவுக்கு மூன்று தரம். தென்னையும் விஸ்கியும் மட்டும், இரண்டும் 30 வீதத்தில். நான் குசினியில் ஊற்ற, மனைவி கொண்டுபோய் வைத்தாள். இடையில் தண்ணீரும் கிறீம் கிறாக்கரும். வாயில் வைத்துவிட்டுச் சிரட்டையில் துப்பச் சொன்னேன். அத்தான் துப்பினார். சித்தப்பா "துப்புறதுக்கோ காசு குடுத்தது?" என்று விழுங்கினார்.

அத்தானுக்கு ஆறில் மூன்று. சித்தப்பாவுக்கு ஐந்து!

அத்தான் தடிமன் என்கிறார். சித்தப்பாவிடம் "வேறாக இருக்கிறதே, அது என்ன?" என்று கேட்டேன். விஸ்கிப் பேணியைத் தூக்கி, "முந்தியே சொன்னேன், பழைய தென்னை" என்றார்.