மறுமொழி: கார்ட்ரிட்ஜ் அலைன்மென்ட் – ‘சாலிசைவு’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம். இசைத்தட்டில் ஓடும் ஊசியைத் தாங்கும் சிறு பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். ஊசி சரியான கோணத்தில் நிற்கும்படி அதைக் கருவியின் கையில் பொருத்துவது கார்ட்ரிட்ஜ் அலைன்மென்ட். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் மடலாட்டத்தில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> இசைத்தட்டுக் கருவியில் கார்ட்ரிட்ஜ் அலைன்மென்ட் என்பதை ‘நேராக்கம்’ என்றே சொல்லலாம். எளிமையான சொல், யாருக்கும் புரியும்.

ஐயா, எளிமையை நானும் விரும்புகிறவன்தான். ஆனால் இந்தச் சொல்லை நம்பித் திருகாணியை முடுக்குகிறவர் தவறான இடத்தில் முடுக்கிவிடுவார். எனக்கே அப்படி நடந்தது.

சென்ற மாதம் புதுக் கார்ட்ரிட்ஜ் ஒன்றைப் பொருத்தினேன். கோணத்தைச் சரிபார்க்கும் அளவுத்தாளில் அச்சிட்ட கட்டக்கோடுகளுக்கு அதன் முன்விளிம்பு இம்மியும் பிசகாமல் இணையாக நின்றது. ஆனாலும் அம்மா வைத்திருந்த ஸ்லோகத் தட்டின் கடைசிப் பகுதியில் ஸகரம் வந்த இடமெல்லாம் சீறியது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. பெட்டி நேராக இருந்தது; ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு மயிரிழை அளவு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பெட்டியை மறந்துவிட்டுத் தண்டைக் கோட்டுக்கு இணையாகத் திருப்பினேன். சீறல் பெரும்பாலும் அடங்கிவிட்டது. இப்போது மேலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் “கோணலாக மாட்டியிருக்கிறீர்களே” என்கிறார்கள். இதற்கு ‘நேராக்கம்’ என்று பெயர் வைக்க மனம் ஒப்பவில்லை.

எதற்கு எது இசைய வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி. மூலத்தட்டில் ஒலியைச் செதுக்கும் வெட்டூசி, விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி ஆரத்தின் வழியே நேர்க்கோட்டில் நகர்கிறது. நம் வீட்டுக் கருவியின் கையோ கீலில் மாட்டிய கதவைப் போல வட்டவில்லாகத் திரும்புகிறது. அதனால் வெட்டிய கோணத்திலேயே தட்டு முழுவதையும் வாசிக்க அந்தக் கையால் முடியாது. கையின் முனையைச் சற்று உள்பக்கம் வளைத்து, ஊசி நடு அச்சைக் கொஞ்சம் தாண்டி நிற்கும்படி வைத்தால், இரண்டே இடங்களில் பிழை சுழியாகிவிடும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 கருவியில் இந்தத் தாண்டல் 15 மி.மீ. அந்த இரண்டு இடங்கள் எங்கே விழ வேண்டும் என்ற கணக்கை 1938இல் ஸ்வீடனின் எரிக் லோஃப்கிரென் வெளியிட்டார். 1941இல் பேர்வால்ட் என்ற ஆய்வாளரும் அதே தீர்வுக்கு வந்து சேர்ந்தார். பன்னிரண்டு அங்குலத் தட்டில் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. என்று இன்று புழங்கும் எண்கள் அந்தக் கணக்கில் பிறந்தவை. 1966இல் ஸ்டீவன்சன் என்பவர் அந்த இரண்டில் உள்புள்ளியைத் தட்டின் கடைசிக்கே, 60.3 மி.மீட்டருக்கே, நகர்த்தினார். ஒரு சுற்றுக்கு 1.8 நொடி என்பது மாறாததால், விளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 51 செ.மீ. ஓடும் ஊசி கடைசிப் பகுதியில் 21 செ.மீ.தான் ஓடுகிறது. ஒலி நெருங்கி எழுதப்பட்ட அந்த இடத்தில் சிறு கோணப்பிழையும் காதில் உறைக்கும். ஸகரம் அங்கே சீறியது அதனால்தான்.

ஆகவே என் முன்மொழிவு: சாலிசைவு. உழவில் கொழுமுனை கீறிச் செல்லும் பள்ளம் சால். படைச்சால் என்ற சொல் இன்னும் வழக்கில் உண்டு. தட்டின் மேல் சாய்வாக வெளிச்சம் விழும்போது உழுத வயலைத்தான் பார்க்கிறோம். ஊசி அந்தச் சாலின் போக்குக்கு இசைந்து நிற்பது சாலிசைவு. முதலில் ‘சால்பொருத்தம்’ என்று எழுதிப் பார்த்தேன். வேகமாகப் படிக்கையில் ‘சால்பு’ என்று கண் தடுக்குகிறது. ‘சாலிசைவு’ அப்படித் தடுக்கவில்லை. இசை என்ற சொல்லும் உள்ளே தானாக வந்து உட்கார்ந்துவிட்டது.

இதையே அடிச்சொல்லாகக் கொண்டால் மற்றவையும் எளிதாகப் பிறக்கின்றன. பிழை சுழியாகும் அந்த இரண்டு இடங்கள் இசைவுப்புள்ளிகள். ஊசி அச்சைத் தாண்டும் அளவு அச்சுக்கடப்பு. சரிபார்க்கும் தாளைக் ‘கோணமானி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பள்ளிப் பெட்டியில் இருக்கும் அரைவட்டக் கருவி பாகையை அளக்கும். இந்தத் தாள் எதையும் அளப்பதில்லை, புள்ளியையும் கோட்டையும் காட்டுகிறது. இசைவுத்தாள் போதும். கண்ணாடியில் பொறித்ததை இசைவுக்கண்ணாடி என்னலாம். வாங்க முடிந்தால் அதையே வாங்குங்கள். தண்டும் அதன் பிம்பமும் ஒரே கோட்டில் விழும்போது கண் ஏமாறாது. தாளை வீட்டில் அச்சிடுகிறவர்கள் அச்சான அளவை ஸ்கேல் வைத்துச் சரிபார்க்காமல் தொடவே வேண்டாம். நடுத்துளை தளர்ந்திருந்தாலும் எல்லாம் வீண்.

ஊசி அழுத்தத்தைப் பார்க்கும் கருவிக்கு ‘ஊசித்தராசு’ என்று சென்ற மடலில் அம்மையார் ஒருவர் சொன்னது அருமை. ஒன்றரை, இரண்டு கிராம் என்று எடையாகவே அதில் படிக்கிறோம். தராசு என்பதே சரி. கார்ட்ரிட்ஜைத் ‘தோட்டா’ என்று இயந்திரம் மொழிபெயர்த்ததை மட்டும் தயவுசெய்து பட்டியலிலிருந்து நீக்குங்கள். ஊசிக்கூடு என்று வைக்கலாம். இல்லையெனில் கார்ட்ரிட்ஜ் என்றே இருக்கட்டும்.

ஒன்றில் எனக்குத் தயக்கம் உண்டு. இலங்கை நண்பர்கள் இந்தப் பள்ளத்தைத் ‘தவாளிப்பு’ என்பார்கள். நல்ல சொல், ஆனால் ‘தவாளிப்பிசைவு’ நாவில் புரளவில்லை. சால் என்றால் கவலை ஏற்றத்தில் கிணற்று நீர் இறைக்கும் கலமான சாலும் நினைவுக்கு வரும் என்று யாரேனும் மறுக்கலாம். இரண்டையும் பற்றி இலங்கை நண்பர்களும் மறுக்கிறவர்களும் எழுத வேண்டும். ஞாயிறு வரை காத்திருந்துவிட்டு விக்சனரி என்ற இணைய அகராதியில் ஏற்றுகிறேன்.