புதுப்பிப்பு: மிளகு லேபிளில் தமிழ் எழுத்து உடைந்தது சரியாகிவிட்டது

உதவிய எல்லாருக்கும் நன்றி. ஏற்காடு மகளிர் குழுவின் மிளகுப் பாக்கெட்டுக்கு எங்கள் டிசைன் வகுப்பில் செய்த லேபிள், சேலத்தில் அச்சகக் கணினியில் திறந்ததும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்தது என்று கேட்டிருந்தேன்.

எழுத்துகளைக் கர்வ்ஸாக (ஃபாண்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவங்களாக) மாற்றி பிடிஎஃப் கொடுக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. ஃபாண்ட் ஃபைலை அனுப்பியும் பார்த்தோம்; அச்சகத்தின் பழைய கோரல்டிரா டிசைன் மென்பொருளில் அப்படியேதான் உடைந்தது. மாற்றும் முன் மூல ஃபைலைத் தனியாகச் சேமித்துவிடுங்கள், அப்புறம் ஓர் எழுத்தைக்கூடத் தட்டச்சு செய்து திருத்த முடியாது.

எதிர்பாராத ஒன்று: மாதிரியை வாங்கிய குழுத் தலைவி அக்கா, முதலில் பேக்கிங் தேதியைத்தான் தடவிப் பார்த்தார். பளபளப்புத் தாளில் ரப்பர் ஸ்டாம்ப் மை அவர் விரலோடு வந்துவிட்டது. எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. இப்போது பூச்சில்லாத தாள், தேதிக்கும் விலைக்கும் வெள்ளைக் கட்டம். மை நிற்கிறது.