இம்போஸ்டர் சிண்ட்ரோம்: தமிழில் என்ன சொல்லலாம்? (திங்களுக்குள் வேண்டும்)

கூடல்வாசி:
குழுமத்தாருக்கு வணக்கம். ஹவுஸ் சர்ஜன்களுக்கான (பயிற்சி மருத்துவர்களுக்கான) மனநலக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கள் காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஒரு அத்தியாயம் முழுக்க இம்போஸ்டர் சிண்ட்ரோம் பற்றியது. நன்றாகப் படித்துத் தேறி, வேலையிலும் குறை சொல்ல இடமில்லாமல் இருப்பவர், 'ஏதோ அதிர்ஷ்டத்தில் வந்துவிட்டேன், என்றைக்காவது மாட்டிக்கொள்வேன்' என்று உள்ளுக்குள் நடுங்குவது. வரைவில் 'போலியுணர்வு நோய்' என்று போட்டிருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை. உதவுங்கள்.

பழஞ்சுவடி:
தம்பி, நோயை விடுங்கள், போலியை விடாதீர்கள். இலக்கணத்தில் பந்தல் பந்தர் ஆவது கடைப்போலி, ஐந்து அஞ்சு ஆவது முற்றுப்போலி. லகரத்தின் இருக்கையில் ரகரம் வந்து உட்கார்ந்தும் பொருள் கெடவில்லை, பந்தலும் சரியவில்லை. 'போல்' என்னும் வேரில் பிறந்த சொல் அது. வஞ்சகப் பொருள் பின்னால் ஏறிய அழுக்கு. என் பரிந்துரை 'தற்போலிமை'. தற்பெருமைக்கு நேரெதிராக ஒலிப்பதையும் கவனிக்க.

ஓய்வு டாக்டர்:
ஐயா, இலக்கணம் அழகுதான். ஆனால் ஆஸ்பத்திரியில் போலி என்றால் 'போலி டாக்டர் கைது' ஒன்றுதான் ஞாபகம் வரும். அந்தப் பிள்ளைகள் பயப்படுவதே அந்தச் சொல்லுக்கு. அதையே தலைப்பில் அச்சடித்துக் கையில் கொடுப்பதா?

என்னிடம் ஒரு பெண் ஹவுஸ் சர்ஜனாக இருந்தாள். நீர் வற்றிப்போன குழந்தைக்கு, மூன்று பேர் குத்திப் பார்த்துக் கைவிட்ட பிறகு, ஒரே குத்தில் ஊசி ஏற்றினாள். பாராட்டினேன். 'நரம்பு நல்லா தெரிஞ்சுது சார்' என்றாள். மறுநாள் வேறொரு குழந்தைக்குத் தவறியபோது, 'எனக்குக் கை வராது சார்' என்றாள். வெற்றி நரம்புக்கு, தோல்வி தனக்கு. இந்தக் கணக்குக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

இன்னொன்று. 1978-ல் இதை முதலில் எழுதிய அமெரிக்க உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸும் சுசான் ஐம்ஸும் சிண்ட்ரோம் என்ற சொல்லையே போடவில்லை. 'நிகழ்வு' என்ற பொருளில்தான் பெயரிட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் டி.எஸ்.எம். கையேட்டிலும் இது நோயாக இடம்பெறவில்லை.

சோலைக்குருவி:
மூதுரை இருக்கும்போது என்ன கவலை? கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி! 'வான்கோழி மயக்கம்' என்றால் பாமரனுக்கும் புரியும்.

வடமராட்சியான்:
அண்ணை, அது தலைகீழ். கல்லாதவன் தன்னை மயில் என்று நினைப்பதைத்தான் ஔவையார் சொல்கிறார். இங்கே மயில் அல்லவா தன்னை வான்கோழி என்று நினைத்துக் கலங்குகிறது? பெறுபேறு எல்லாம் திறமாக வந்த பிள்ளைக்கு இந்தப் பெயரா? அதோடு, வான்கோழி அமெரிக்கப் பறவை. ஐரோப்பாவுக்கே 16-ஆம் நூற்றாண்டில்தான் போனது. ஜஹாங்கீரின் ஓவியர் மன்சூர் 1612 வாக்கில் அதை வரைந்ததே, புதுமையான பறவை கோவாவிலிருந்து வந்தது என்பதால்தான். ஔவையார் எங்கே கண்டார்?

பழஞ்சுவடி:
மூதுரையின் வான்கோழி இன்றைய பிரியாணி வான்கோழி அல்ல. அது வேறொரு காட்டுப் பறவை. பழைய பெயரைப் பின்னால் வந்த பறவைக்குச் சூட்டிவிட்டார்கள். வான் என்பதற்குப் பெருமை என்ற பொருளும் உண்டு. விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

கூடல்வாசி:
ஐயா, இந்த இழையில் பறவை வேண்டாமே. நாளை மறுநாள் அச்சு.

சோலைக்குருவி:
சரி, வான்கோழியை விட்டேன். 'குட்டு வெளிப்படும்' என்கிறோமே, 'குட்டு அச்சம்' எப்படி? மாட்டிக்கொள்வோமோ என்ற நடுக்கம் அதில் அப்படியே இருக்கிறது.

பழஞ்சுவடி:
குட்டு தெலுங்கு.

வடமராட்சியான்:
தெலுங்கிலும் கன்னடத்திலும் இருக்கிறது என்பதற்காக நம்முடையது இல்லை என்று ஆகிவிடுமா? ஒரே தாய் வயிற்றுச் சொல்லாக இருக்கலாம்.

ஓய்வு டாக்டர்:
வேர் எதுவாகவும் இருக்கட்டும். குட்டு அச்சம் என்றால் தலையில் விழும் குட்டுக்குப் பயம் என்றுதான் எங்கள் பையன்கள் படிப்பார்கள். ரவுண்ட்ஸில் மோதிரக் கையாலேயே வாங்கிப் பழகியவர்கள்.

மார்கழி:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் முதுநிலை இரண்டாம் ஆண்டு. கழுத்தில் ஸ்டெத் தொங்கும், கோட்டில் பெயர் இருக்கும். அரைமணி நேரம் பரிசோதித்துச் சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு, 'சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு?' என்று கேட்பார்கள். பக்கத்தில் நிற்கும் ஜூனியர் பையனைப் பார்த்து 'சார்' என்பார்கள். கிளான்ஸும் ஐம்ஸும் எழுதியதும் சாதித்த பெண்களைப் பற்றித்தான். இந்தச் சந்தேகத்தில் பாதி என் மனசில் முளைத்தது இல்லை, வெளியிலிருந்து கொண்டுவந்து ஊன்றியது. எந்தச் சொல்லை வைத்தாலும், கோளாறு முழுவதும் என் தலைக்குள் இருப்பதாகச் சொல்லும் சொல் வேண்டாம். நோய், மயக்கம், மனப்பிழை எல்லாவற்றுக்கும் என் ஓட்டு எதிர்ப்பு.

கூடல்வாசி:
இதுதான் நான் யோசிக்காத பக்கம். நன்றி அக்கா. அப்படியானால் 'தகுதி ஐயம்'? யாருடைய ஐயம் என்று சொல்லாமல் விடுகிறது. தனக்கும் இருக்கலாம், ஊருக்கும் இருக்கலாம்.

ஓய்வு டாக்டர்:
எனக்குச் சம்மதம்.

மார்கழி:
போலியை விட எவ்வளவோ மேல்.

வடமராட்சியான்:
எனக்கு இல்லை. ஐயம் என்றால் இதுவோ அதுவோ என்று இரண்டுக்கும் நடுவில் நிற்பது. இருட்டில் கிடப்பது கயிறோ பாம்போ என்பது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே முடிவுகட்டுவது திரிபு. இந்தப் பிள்ளைகள் நடுவில் நிற்பதில்லை. தாங்கள் தகுதியற்றவர்கள் என்று முடிவே கட்டிவிட்டார்கள். அவர்கள் சந்தேகப்படுவது தங்களைப் பாராட்டியவர்களின் புத்தியை. ஆகவே 'தகுதித் திரிபு'.

ஓய்வு டாக்டர்:
அறிவு முடிவுகட்டினாலும் மனசு ஊசலாடும், தம்பி. ஒரு கேஸ் நல்லபடியாக முடிந்தால் இரண்டு நாள் தெளிவாக இருப்பார்கள். அடுத்த கேஸ் வந்ததும் மறுபடி தேவைக்கு மேல் படித்து, தூக்கம் கெட்டு, முடிந்ததும் 'அவ்வளவு படித்ததால் தப்பித்தேன்' என்பார்கள். இந்தச் சுழற்சியைக் கிளான்ஸே விவரித்திருக்கிறார். ஐயம் பொருந்தும். திரிபு என்றால் பால் திரிந்த மாதிரி இருக்கிறது.

வடமராட்சியான்:
சுழற்சி உண்மை. ஆனால் என் மறுப்பைப் பதிவில் வைக்கவும்.

கூடல்வாசி:
வைத்தாயிற்று. தலைப்பில் 'தகுதி ஐயம்', முதல் பத்தியில் 'குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்ற பயம்' என்று விளக்கம். டாக்டர் சொன்ன நரம்புக் கதையை, அடையாளம் இல்லாமல், ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்க்க அனுமதி வேண்டும். மார்கழி அக்காவின் 'சிஸ்டர்' கதையையும்.

மார்கழி:
தாராளமாக. 'சார்' விஷயத்தை வெட்டிவிடாதீர்கள்.

ஓய்வு டாக்டர்:
சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு வரி: பயிற்சிக்காலத்தில் நாங்களும் இப்படித்தான் இருந்தோம் என்று சீனியர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கிளான்ஸும் ஐம்ஸும் குழுவாக உட்கார்ந்து பேசச் சொன்னதும் அதற்குத்தான். தன்னைப் போல் இன்னொருவர் இருப்பது தெரிந்தாலே பாதி இறங்கும்.

பழஞ்சுவடி:
பெரும்பான்மைக்குப் பணிகிறேன், ஒப்பவில்லை. குறைந்தபட்சம் புணர்ச்சியையாவது காப்பாற்றுங்கள். தகுதி + ஐயம், யகர உடம்படுமெய் தோன்றித் 'தகுதியையம்' என்றாகும். பிரித்து அச்சிடுவது பிழை.

கூடல்வாசி:
சேர்த்துப் போட்டுப் பார்த்தேன் ஐயா. அச்சுக்கோப்பவர் எழுத்துப்பிழை என்று நினைத்து, 'தகுதியை' என்று திருத்தி அனுப்பியிருக்கிறார். பிரித்தே போகிறது.

பழஞ்சுவடி:
வான்கோழி பற்றிய மடல் தயார். புது இழையில் இடுகிறேன்.